எஸ்தர் டீச்சர் பிடித்த விரால்

போன செவ்வாய்க்கிழமை காலை நான் வாசலில் பால் வாங்கிக்கொண்டிருந்தபோது கோதண்டம் சார் சைக்கிளில் வந்தார். எங்கள் பள்ளியில் விஞ்ஞானம் நடத்துகிறவர். சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றிக்கொண்டு, "டீச்சர், எஸ்தர் காலமாயிட்டாங்க. தூக்கத்துலயே போயிடுச்சாம் உயிரு" என்றார். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம்தான். அதற்கு முந்தின சனிக்கிழமைதான் தாம்பரம் மார்க்கெட்டில் கத்தரிக்காய்க்காரரோடு அவள் போட்ட சண்டையை நான் விலக்கிவிட்டேன். அப்படிச் சண்டை போடத் தெம்பு இருந்தவள் எப்படிச் சாவாள் என்று சாரைத் திட்டினேன். பாவம், அவர் என்ன செய்வார்? தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே நின்றார்.

பள்ளியில் நடந்த இரங்கல் கூட்டத்தில் ஒருவர், "அமைதியே உருவானவர் எஸ்தர் அம்மையார்" என்று பேசினார். வேறு யாருடைய கூட்டத்துக்காவது வந்துவிட்டேனா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. அவளோடு வேலை பார்த்தவர்களுக்கும், அவளிடம் கணக்குப் படித்தவர்களுக்கும் அவள் யார் என்று தெரியும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மரியாதைக்கு "அவர்" என்று எழுதத் தொடங்கினேன். பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்து, "யாருடி அந்த அவர்?" என்று கேட்பாள் போலிருந்தது. ஆகவே அவள் என்றே எழுதுகிறேன்.

அரக்கோணம் ரயில்வே குவார்ட்டர்ஸில் நாலு அண்ணன்மாருக்கு நடுவில் வளர்ந்தவள் எஸ்தர். மரம் ஏறுவது, சைக்கிள் விடுவது, தூண்டில் போடுவது எல்லாம் அவர்களிடமிருந்து ஒட்டிக்கொண்டவை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. புதிதாக வேலைக்கு வரும் டீச்சர்கள் யாராவது அதைப் பற்றி இழுத்து இழுத்துக் கேட்டால், "என் கணக்கு மீதியில்லாம வகுபட்டுடுச்சும்மா" என்று சொல்லிவிட்டு விடைத்தாள் திருத்தப் போய்விடுவாள். ஒருமுறை பள்ளிக்கு வந்த இன்ஸ்பெக்டர், தேற்றம் சொல்லத் திணறிய ஒரு பெண்ணைப் பார்த்து, பெண்பிள்ளைக்கு இதெல்லாம் ஏறாது என்று சிரித்தார். எஸ்தர் சாக்பீஸை அவரிடம் நீட்டி, "நீங்க போட்டுக் காட்டுங்க சார், அவ பார்த்துக் கத்துக்கட்டும்" என்றாள். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்.

இப்படிப்பட்டவளையும் ஆண்டுக்கு ஒருநாள் தலை குனிய வைக்கிற ஓர் இடம் இருந்தது. அது அவளுடைய கிறிஸ்தவக் கோயில். அங்கே மழைக்காலத்தில் அறுப்பின் பண்டிகை வரும். சபையார் தோட்டத்தில் விளைந்த பூசணி, வீட்டில் வளர்ந்த கோழி, கையால் போட்ட ஊறுகாய், பின்னின கூடை என்று கொண்டுவந்து பீடத்தின் படியில் வைப்பார்கள். பிறகு எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பொருளைப் படியில் வைக்கும்போது, "இது என் கையால் ஆனது" என்று எல்லாரும் கேட்கும்படி சொல்ல வேண்டும். கடையில் வாங்கி வந்தவர்கள் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். யாரும் தடுப்பதில்லை. ஆனால் அந்த மௌனம் எல்லாருக்கும் கேட்கும்.

எஸ்தர் ஒவ்வோர் ஆண்டும் ஒரு வாழைத்தாரை வாங்கிக்கொண்டு போய் மௌனமாக வைத்துவிட்டு வருவாள். வேறு என்ன செய்வாள்? சேலையூரில் மாடிப் போர்ஷனில் குடியிருந்தாள். வீட்டுக்கார அம்மாள் ஒரு பூந்தொட்டி வைக்கக்கூட விடமாட்டாள். சமையலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கிறிஸ்துமஸுக்கு அவள் செய்த கேக்கைக் கத்தியால் வெட்ட முடியாமல் கோதண்டம் சார் சோதனைச்சாலையிலிருந்து சின்ன ரம்பம் எடுத்து வந்தது ஊரறிந்த கதை. ஓர் ஆண்டு அவள் தாரை வைத்துவிட்டுத் திரும்பும்போது, பீடத்துப் பக்கத்தில் நின்று ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த சபைக் கமிட்டி தேவநேசன், "டீச்சரம்மா தோட்டம் கொத்தவால்சாவடி மார்க்கெட்டுல இருக்குது போல" என்று சொன்னார். முன்வரிசை முழுக்கச் சிரித்தது.

மறுநாள் ஆசிரியர் அறையில் இதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. அவள் குரல் உடைந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "வேடிக்கைக்குச் சொன்னாரு, தெரியும் விசாலம். ஆனா நெசத்தைத்தானே சொன்னாரு? இத்தனை வருஷத்துல என் கையால ஆச்சுன்னு அங்க நின்னு சொல்ல என்கிட்ட ஒண்ணுமில்ல." நான் சமாதானமாக, இத்தனை பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாயே என்றேன். "அவங்களைப் படியில வைக்க முடியுமாடி?" என்று சீறினாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த வருஷம் விரால் கொண்டுபோறேன். உயிரோட. நானே புடிச்சு" என்றாள்.

ஓர் ஆண்டு முழுக்க அந்தப் பேச்சை அவள் விடவில்லை. பண்டிகைக்கு முந்தின நாள் சனிக்கிழமை. அதுவரை விடாத மழை அன்றுதான் விட்டிருந்தது. செம்பாக்கம் ஏரி நிரம்பிக் கிடந்தது. படகில் போக அவளுக்குத் துணை வேண்டுமாம். எங்கள் வீடு சைவம். முட்டை வைத்திருக்கிற கடையில் உப்புக்கூட வாங்கமாட்டார் என் மாமியார். அதைச் சொன்னேன். "உன்னை மீன் தின்னவா கூப்பிடறேன்? படகுல உட்காரத்தானே" என்றாள். கோதண்டம் சார் தாமாகவே சேர்ந்துகொண்டார். தூண்டிலுக்குத் தவளை வேண்டும், உயிரியலில் அது என் பொறுப்பு, நீங்கள் கவலைப்படவேண்டாம் என்று அவர் ஏற்றுக்கொண்டதால் எஸ்தரும் நிம்மதியாக இருந்துவிட்டாள்.

ஏரியில் மீன் குத்தகை எடுத்திருந்தவர் கன்னியப்பன். தட்டையான மரப்படகு ஒன்று வைத்திருந்தார். கரையில் எங்கள் மூன்று பேரையும் மேலும் கீழும் பார்த்தார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிய இரண்டு டீச்சர்கள், பேண்ட்டை மடித்துவிட்ட ஒரு வாத்தியார். "இன்னா டீச்சரம்மா, மீனு வோணும்னா நான் குடுக்கறேன். நல்ல விராலா பொறுக்கி எடுத்துக்கினு போங்க. தண்ணிக்குள்ள போயி இன்னாத்துக்கு பேஜாரு?" என்றார். கொடுக்கிற மீன் வேண்டாம், பிடிக்கிற மீன்தான் வேண்டும் என்றாள் எஸ்தர். அவர் தலையில் அடித்துக்கொண்டு, படகை எங்களை நம்பி விட மனசில்லாமல் தாமே கோல் ஊன்ற வந்தார். மேற்கே மேகம் திரண்டிருந்தது. "ஒரு வாட்டிதான். கரைக்கு வந்துட்டா மறுபடி எடுக்கமாட்டேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

அல்லி அடர்ந்த நடு ஏரியில் படகு நின்றது. மழை கழுவிவிட்ட காலையில் பரங்கிமலை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் தெரிந்தது. நான் படகின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தேன். இருந்தும் இவ்வளவு அழகான இடத்துக்கு வராமல் இத்தனை நாள் பக்கத்திலேயே குடியிருந்தோமே என்று தோன்றியது. எஸ்தர் மூங்கில் கழியில் நைலான் நரம்பைக் கட்டி, முள்ளைச் சரிபார்த்து, "சார், தவளை" என்று கையை நீட்டினாள். கோதண்டம் சார் பையிலிருந்து ஒரு பெரிய கண்ணாடி ஜாடியை எடுத்து, கம்பீரமாகத் திறந்தார். எங்கள் மூன்று பேர் கண்ணிலும் தண்ணீர் கொட்டியது. கன்னியப்பன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னா சார் இது, ஆஸ்பத்திரி வாசன அடிக்குது?" என்று அலறினார்.

ஜாடிக்குள், கெடாமலிருக்க ஃபார்மலினில் ஊறப்போட்ட எங்கள் பள்ளித் தவளைகள் காலை விரித்துக்கொண்டு கிடந்தன. பிராக்டிகல் பரீட்சைக்கு வைத்திருந்தவை. மழைக்காலத்தில் தாம்பரம் முழுக்கத் தவளை கத்துகிறது. வீட்டு வாசலில் குனிந்தால் நாலு கிடைக்கும். அதை விட்டுவிட்டு அலமாரிப் பூட்டைத் திறந்து எடுத்து வந்திருக்கிறார் மனிதர். "மீனுக்கு உருவம்தான் டீச்சர் முக்கியம். பாடப்புத்தகத்துல தெளிவா இருக்கு" என்றார். எஸ்தர் ஒன்றை எடுத்து முள்ளில் மாட்டிப் போட்டாள். விறைத்த தவளை கல்லைப் போல நேராகக் கீழே போயிற்று. இரண்டாவதும் அப்படியே. அதுவரை அங்கங்கே வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்த மீன்கள்கூட எங்கள் பக்கத்தை விட்டு விலகிவிட்டன. மேகம் பாதி வானத்துக்கு வந்திருந்தது. கன்னியப்பன் கோலை எடுத்துவிட்டார். "போலாமா?"

எஸ்தர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. மறுநாள் காலை மறுபடியும் ஒரு வாழைத்தாரோடு அவள் அந்தப் படிக்குப் போவதை நினைத்துக்கொண்டு அல்லி இலைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளோ தன் கைப்பையைக் கொட்டிக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்தாள். சாக்பீஸ் துண்டு, பேனா மூடி, பஸ் டிக்கெட், கடைசியில் ஒரு சிவப்பு ரிப்பன். கறுப்பு ரிப்பன்தான் கட்டவேண்டும் என்பது பள்ளி விதி. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம் வெள்ளிக்கிழமை பறிமுதல் செய்தது. அதைக் கீறி முள்ளில் குஞ்சம்போலக் கட்டினாள். கோதண்டம் சார், "அதை எப்படி டீச்சர் மீன் தின்னும்?" என்று மெல்லக் கேட்டார். எஸ்தர் திரும்பாமலேயே, "பசிக்கு வராதது கோபத்துக்கு வரும் சார். நாமளும் அப்படித்தானே" என்றாள்.

கழியை நீட்டி, ரிப்பனை அல்லி இலைகளின் மேல் தத்தித் தத்தி இழுத்தாள். ஓர் இலையில் நிறுத்துவாள், துடிக்கவிடுவாள், அடுத்த இலைக்குத் தாவவிடுவாள். பார்க்கப் பார்க்க எனக்கே எரிச்சலாக இருந்தது, மீனுக்கு இருக்காதா? ஓர் இலை அசைந்தது. எஸ்தர் ரிப்பனை அங்கேயே துடிக்கவிட்டாள். அடுத்த கணம் அந்த இலையே வெடித்ததுபோல் தண்ணீர் எழும்பியது. கழி வில்லாக வளைந்தது. எஸ்தர் எழுந்து நின்றாள், படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது, கோதண்டம் சார் ஜாடியைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினார்.

விரால் நேராக அல்லிக்கொடிகளுக்குள் புகுந்துகொண்டது. இழுத்தாலும் வரவில்லை, விட்டாலும் நகரவில்லை. கன்னியப்பன், "கொடில சிக்கிக்கிச்சும்மா. அறுத்து வுட்டுடு, அது வராது" என்றார். "வரும்" என்றாள் எஸ்தர். கழியை அவரிடம் கொடுத்துவிட்டு, நரம்பைக் கையில் சுற்றிக்கொண்டு, படகின் விளிம்பில் குப்புறப் படுத்துத் தோள்வரை தண்ணீருக்குள் கையை விட்டாள். "விசாலம், புடிச்சுக்கோ!" நான் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தேன். கொடிகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் பிய்த்து வெளியே எறிந்தாள். நரம்பு உள்ளங்கையை அறுத்து ரத்தம் தண்ணீரில் கலந்தது. ஒருவழியாக அவள் கை மேலே வந்தபோது, மீனும் வந்தது.

என் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை அளந்தும் மிச்சம் இருந்த கருவிரால். படகுக்குள் விழுந்ததும் முள் கழன்றுகொண்டது. அது ஒரே துள்ளில் விளிம்புக்குப் போய்விட்டது. "டீச்சரம்மா, வுட்றாதீங்க!" என்று கன்னியப்பன் கத்தியது என்னைப் பார்த்துத்தான். எங்கிருந்து வந்ததோ தெரியாது, வகுப்பில் தேவாரம் சொல்லிக்கொடுக்கிற நான் அப்படியே அதன் மேல் விழுந்து, புடவையோடு சேர்த்து மடியில் வாரிக்கொண்டேன். அது என் வயிற்றில் மோதி மோதி அடித்தது. விடவில்லை. கன்னியப்பன் தண்ணீர் ஊற்றின தவலையை நீட்டும்வரை விடவில்லை. எஸ்தர் இரண்டு கையையும் தூக்கி, நடு ஏரியில் ரயில் எஞ்சின்போலக் கூவினாள். கரையோரம் மேய்ந்த கொக்குகள் எல்லாம் கிளம்பிப் பறந்தன. நானும் கூவினேன். எனக்கு அப்படிக் கூவத் தெரியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "இந்த ஏரில இம்மாம் பெருசு கீதுன்னு எனக்கே தெரியாதும்மா" என்று கன்னியப்பனும் சிரித்தார். சொல்லிவைத்தாற்போல் மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே கரைக்கு வந்தோம். இறங்குமுன் கோதண்டம் சார் எங்கள் இருவரிடமும், தவளை விஷயம் இந்தப் படகை விட்டு வெளியே போகக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். பிள்ளைகளுக்குத் தெரிந்தால் வகுப்பில் நிற்கமுடியாதே, நியாயம்தான்.

ஞாயிற்றுக்கிழமை நானும் கோதண்டம் சாரும் கோயில் கதவோரமாக நின்றோம். எஸ்தர் தவலையைச் சுமந்துகொண்டு நடுவில் நடந்து போனாள். அவள் அன்று கட்டியிருந்தது வெள்ளைப் பட்டு. அறுபட்ட கையில் துணிக்கட்டு. பூசணிகளுக்கு நடுவில் தவலையை வைத்து நிமிர்ந்து, "இது என் கையால் ஆனது" என்றாள். அப்போதே எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஆனால் தேவநேசன் தவலைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "செம்பாக்கம் ஏரி விரால்தானே? கன்னியப்பன்கிட்ட காசு குடுத்தா யாருக்கும் குடுப்பான். வழக்கத்தை வெளையாட்டாக்கக் கூடாது டீச்சரம்மா" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. உண்மையாகவே அவரால் நம்பமுடியவில்லை. கணக்கு டீச்சர் விரால் பிடிப்பாள் என்று யார்தான் நம்புவார்கள்? எஸ்தர் வாயைத் திறந்தாள்.

"நான் படகில இருந்தேன். நான் பார்த்தேன்!" என்று கதவருகிலிருந்து கத்தியது நானேதான். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தேவநேசன் பொறுமையாக, "நீங்க அவங்க சிநேகிதிம்மா. சொல்லத்தான் செய்வீங்க" என்றார். தவளைக் கதை எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நடந்ததை நடந்தபடி சொன்னால் எவரும் நம்புவார்கள். சத்தியம் வாயைக் கட்டியிருந்தது. பக்கத்தில் கோதண்டம் சார் தொண்டையைச் செருமினார்.

"ஐயா, மீன் வாங்கப் போறவன் தவளை எடுத்துக்கிட்டுப் போவானா? நான் போனேன்" என்றார். "அதுவும் ஸ்கூல் ஜாடியில இருக்கிற செத்த தவளை. ஃபார்மலின்ல ஊறினது. உருவம் இருந்தா போதும், மீன் ஏமாந்துடும்னு நெனைச்சேன். ஏரியில இருந்த மீனெல்லாம் ஓடிப்போச்சு. நான் கெடுத்ததை இவங்க ஒரு ரிப்பனை வெச்சு சரிபண்ணாங்க. விஞ்ஞானம் படிச்சவன் இப்படி ஒரு பொய்யை நானே என் தலையில கட்டிப்பேனா, சொல்லுங்க." முதலில் பிள்ளைகள் வரிசையிலிருந்து ஒரு களுக். பிறகு பாடகர் குழு. போதகர் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. தேவநேசன் உதட்டைக் கடித்து அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. வெடித்துச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எஸ்தரைப் பார்த்துக் கைகூப்பி, "தப்பு என்மேலதான் டீச்சரம்மா. இன்னொரு தடவை சொல்லுங்க, நல்லா சத்தமா" என்றார்.

ஏலத்தில் அந்த விராலுக்குத்தான் போட்டி. கடைசியில் தேவநேசனே விடாப்பிடியாக எடுத்தார். மாலையில் அவர் வீட்டிலிருந்து எஸ்தருக்கு ஒரு தூக்கு நிறைய மீன் குழம்பு வந்தது. கோதண்டம் சாருக்கு அன்றிலிருந்து ஃபார்மலின் சார் என்று பெயர். இப்போது ஆறாம் வகுப்பில் சேர்கிற பிள்ளைக்குக்கூட அது தெரியும். அவர் அதைப் பற்றி ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. போன புதன்கிழமை கல்லறைத் தோட்டத்தில் பெட்டியைத் தோளில் தாங்கி வந்தவர்களில் தேவநேசனும் ஒருவர். மண் போட்டுவிட்டு என்னிடம் வந்து, "எங்க கோயில்ல அவ்வளவு சத்தமா யாரும் சொன்னதில்லம்மா" என்றார்.

உண்மைதான். ஆனால் இரண்டாம் தடவை அவள் முதலில் சொன்னதோடு நிற்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, துணி சுற்றின கையைத் தூக்கி, கூரை அதிர, "இது என் கையால் ஆனது" என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள். அதோடு இறங்கி வந்திருக்கலாம். ஓர் ஆண்டாக அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதானே. இறங்கவில்லை. அந்தக் கையைக் கதவுப் பக்கம் நீட்டி, "விசாலம் கையாலும் ஆனது. கோதண்டம் சார் கையாலும் ஆனது" என்றாள். தன்னுடையதுதான் என்று ஊரை நம்பவைத்த அந்த நிமிஷத்திலேயே தன் வெற்றியைப் பங்கு வைத்தவள் எஸ்தர். நான் மீன் தின்னாதவள். அந்தப் பங்கை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன். யாருக்கும் கொடுக்கமாட்டேன்.